தோஹாவின் 73வது நிமிடம்: தப்பு நடுவர் மேலா, நம் மேலா?

மெரினா விங்கர் (இழையைத் தொடங்கியவர்)

நம் இந்தியக் கால்பந்து அணி கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கு நாம் போகப்போவதில்லை என்பது உறுதியானதிலிருந்து பயிற்சியாளரையும் சம்மேளனத்தையும் பற்றித்தான் பேச்சு. பேச வேண்டியதுதான். ஆனால் இந்தத் தகுதிச்சுற்றை ஆட வேண்டிய நிலையே நமக்கு வந்திருக்கக் கூடாது. அதை யாரும் பேசக் காணோம் என்பதால் இந்த இழை.

2024 ஜூன் 11, தோஹா, ஜாசிம் பின் ஹமது மைதானம். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டத்தில் நமக்குக் கடைசி ஆட்டம். கத்தார் ஏற்கெனவே முன்னேறிவிட்டதால் இளம் வீரர்களை இறக்கியிருந்தது. 37வது நிமிடத்தில் பிராண்டன் கொடுத்த பந்தை சாங்டே கோலாக்கினார். அந்த 1-0 அப்படியே நின்றிருந்தால் நமக்கு 8 புள்ளி, குரூப்பில் இரண்டாம் இடத்துக்கு நம்மோடு போட்டியிட்ட குவைத்துக்கு 7. முதல் முறையாக மூன்றாம் கட்டம், கூடவே ஆசியக் கோப்பைக்கு நேரடி இடம்.

73வது நிமிடத்தில் கத்தாருக்கு ஒரு ஃப்ரீ கிக். யூசுஃப் அய்மன் தலையால் முட்டினார், நம் கீப்பர் குர்ப்ரீத் தடுத்தார், பந்து அவரிடமிருந்து நழுவி கம்பத்துக்குப் பக்கத்தில் கோல் லைனைத் தாண்டி வெளியே உருண்டது. வெளியே போன பந்தை அல் ஹாஷ்மி காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் வலைக்குள் தட்டினார். நம் ஆட்கள் பந்து வெளியே போய்விட்டது என்று நின்றுவிட்டார்கள். தென்கொரிய நடுவர் கிம் வூ-சங் கோல் என்றார். நம்மவர்கள் சூழ்ந்துகொண்டு முறையிட்டும், உதவி நடுவரிடம் பேசிய பிறகும், அதே முடிவுதான். விஏஆர், அதாவது வீடியோ பார்த்துத் திருத்தும் உதவி நடுவர், கிடையாது. 85வது நிமிடத்தில் அல் ராவி இரண்டாவது கோல் போட, 2-1 என்று வெளியே வந்தோம்.

டிவியில் பார்த்த அத்தனை பேருக்கும் அடுத்த நிமிடமே தெரிந்த உண்மை, முடிவெடுக்கும் அந்த ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போகும்படி ஒரு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றை நடத்தியிருக்கிறார்கள். நம் சம்மேளனமான ஏஐஎஃப்எஃப் புகார் கொடுத்தது, விசாரணை கேட்டது. முடிவு மாறவில்லை. ஒரு வாரத்துக்குள் பயிற்சியாளர் ஸ்டிமாச்சை நீக்கினார்கள், அதோடு பேச்சு அடங்கிவிட்டது. எனக்கு அடங்கவில்லை. உங்கள் எல்லாருடைய கருத்தும் வேண்டும், எதிர்க்கருத்தும் வேண்டும்.

குமரி லெஃப்ட்பேக்

எதிர்க்கருத்து நான் சொல்கிறேன். அந்தக் கோல் தப்பு, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தோஹாவில் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு நம்மைக் கொண்டு வந்தது அந்த நடுவரா?

மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சவூதியின் அப்ஹாவில் ஆப்கானிஸ்தானுடன் 0-0. அடுத்து குவஹாத்தியில், கேப்டன் சேத்ரியின் 150வது சர்வதேச ஆட்டத்தில், அவர் பெனால்டியில் கோல் போட்டு முன்னிலை வாங்கிக் கொடுத்த பிறகு, 70வது நிமிடத்தில் ஒன்று, 88வது நிமிடத்தில் பெனால்டியில் ஒன்று என்று விட்டு 2-1 தோல்வி. கத்தாரிடம் 8-1 என்று வாங்கிய ஆப்கானிஸ்தான் அது. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டம், அவ்வளவு கூட்டம், குவைத்துடன் 0-0. இந்த மூன்றில் ஒன்றை ஜெயித்திருந்தாலே தோஹாவின் கதை வேறு.

நடுவரின் ஒரு தப்பு நம்மை வெளியேற்றுகிறது என்றால், அதற்கு முன் நாம் நிறையத் தப்பு செய்து முடித்துவிட்டோம் என்றுதான் பொருள்.

வியாசர்பாடி ஏழு

குமரி அண்ணா, நீங்கள் சொல்லும் கணக்கு எல்லாம் சரி. ஆனால் தேர்வில் மற்ற பாடங்களில் மார்க் குறைந்தவன் என்பதற்காக, இந்தப் பாடத்தில் அவன் சரியாக எழுதிய விடையைத் தப்பென்று அடிக்கலாமா? குவஹாத்தியில் தோற்றதற்கான தண்டனை குவஹாத்தியிலேயே கிடைத்துவிட்டது. மூன்று புள்ளி போனது. தோஹாவில் அன்று 72 நிமிடம் ஒழுங்காக ஆடியவர்களுக்கு அன்றைய கூலி வர வேண்டும்.

விசில் அண்ணன்

மாவட்ட லீக்குகளில் பல வருடமாக விசில் ஊதுகிறவன் என்பதால் நடுவர் பக்கம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். கிம் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் சரியான இடத்தில் கோபப்பட முடியும்.

விதி 9 என்ன சொல்கிறது? தரையிலோ காற்றிலோ பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. முழுவதும் என்பதைக் கவனியுங்கள். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., அதாவது குறுக்களவு சுமார் 22 செ.மீ. பந்து தரையைத் தொடும் புள்ளி கோட்டின் வெளி விளிம்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தாலும், மேலே வளைந்திருக்கும் பாகம் இன்னும் கோட்டின் மேல்தான் இருக்கும். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் புல் தெரிகிறது என்று காட்டி வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பாதி இதனால்தான் எதையும் நிரூபிப்பதில்லை. 2022 உலகக் கோப்பையில் ஜப்பான்-ஸ்பெயின் ஆட்டத்தில் மிதோமா இழுத்துக் கொடுத்த பந்தை உலகமே வெளியே என்றது. மேலிருந்து பார்த்தால் 1.88 மில்லிமீட்டர் கோட்டின் மேல் இருந்தது. கோல் சரி. அந்த ஒரு கோலால்தான் ஜெர்மனி குரூப்பிலேயே வெளியேறியது.

தோஹா அப்படி மில்லிமீட்டர் விவகாரம் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பந்து முழுதாக வெளியே. அப்படியிருந்தும் எப்படித் தவறவிட்டார்கள்?

ஃப்ரீ கிக் எடுக்கும்போது உதவி நடுவர் ஆஃப்சைடு பார்க்க, கடைசிக்கு முந்தைய தடுப்பாளரின் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். பந்து தலையில் பட்டதும் அவருடைய வேலை மாறிவிடும். கோல் லைனுக்கு ஓட வேண்டும். ஓடி முடிப்பதற்குள் பந்து வெளியே போய் உள்ளே வந்துவிட்டால், சாய்ந்த கோணத்தில்தான் பார்க்கிறார். நடுவில் கம்பம், தரையில் கிடக்கும் கீப்பர், பாய்ந்து வரும் நான்கைந்து கால்கள். நடுவர் நிற்கும் இடத்திலிருந்து கோல் லைனை நேராகப் பார்க்கவே முடியாது. உறுதியாகத் தெரியாமல் பந்து வெளியே என்று ஊதக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். அவர் பார்க்காததை ஊதவில்லை. உதவி நடுவர் பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் அந்தக் கொடி மேல்தான். கோல் லைன் பந்தைப் பார்ப்பது அவருடைய முதல் பொறுப்புகளில் ஒன்று.

தோஹா தமிழன்

நான் அன்று மைதானத்தில் இருந்தேன். நம் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், மலையாளிகள், தமிழர்கள், வங்காளிகள். எங்கள் வரிசையிலிருந்து அந்தப் பக்கத்துக் கோல் தூரம். பந்து வெளியே போனது எங்களுக்குத் தெரியவில்லை, நம் வீரர்கள் நின்றதுதான் தெரிந்தது. ஆஃப்சைடு என்று நினைத்தோம். யாரோ ஒருவருடைய போனுக்கு வீடியோ வந்து, அது கை மாறி கை மாறி எங்கள் வரிசைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது, முப்பது நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் நான்காவது நடுவரிடம் அது இல்லை. அந்த இயலாமையை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு நம் பையன்கள் ஆடிய விதத்தையும் சொல்ல வேண்டும். கால் கனத்துப் போய்விட்டது. ஒவ்வொரு பந்துக்கும் நடுவரைப் பார்த்தார்கள். இரண்டாவது கோல் அந்த மனநிலையில் வந்தது.

கோவை கீப்பர்

இதுதான் என் கேள்வி. ஏன் நின்றார்கள்?

சின்ன வயதில் முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லித் தருவது, விசில் கேட்கும் வரை ஆடு. பந்து வெளியே என்று நமக்குத் தெரியும். நடுவருக்குத் தெரியும் என்று எப்படி நினைக்கலாம்? குர்ப்ரீத்தைக் குறை சொல்லவில்லை, தரையில் கிடந்து கை நீட்டும் நிலையில் அவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் அய்மனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள்? கையைத் தூக்கிக் காட்டும் நேரத்தில் ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் அவருக்கு அந்தத் தட்டல் அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

தானாகவே ஆட்டம் நின்றுவிட்டது என்று முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதே வருடம் ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். ஆர்சனல்-பயர்ன் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. ஆர்சனல் கீப்பர் ராயா கோல் கிக்கைத் தட்டிவிட, ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்த அதே அணியின் கேப்ரியல் பந்தைக் கையால் எடுத்து வைத்தார். விதிப்படி பெனால்டி கேட்கலாம். நடுவர் கொடுக்கவில்லை, பயர்ன் பயிற்சியாளர் டூகல் கொதித்தார். ஆர்சனலுக்கு அன்று அதிர்ஷ்டம் இருந்தது. அதை நம்பி ஆட முடியாது.

வியாசர்பாடி ஏழு

கீப்பர் அண்ணா, ஒரு நொடியில் நடப்பது அது. உடம்பு தானாக நிற்கும். எந்த அணியாக இருந்தாலும் நின்றிருக்கும்.

கோவை கீப்பர்

எல்லா அணியும் நிற்காது, தம்பி. நல்ல தடுப்பாளர் கையையும் தூக்குவார், காலையும் ஓட்டுவார். இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பழக்க வேண்டும்.

மெரினா விங்கர்

சரி, நின்றது நம் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதற்கான விலை ஒரு செல்லாத கோலா? விசில் அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. ஆட்டத்தை மறுபடி நடத்தச் சொல்ல வழியே இல்லையா? நம் சம்மேளனம் வலுவாக வாதாடவில்லை என்று நிறையப் பேர் சொன்னார்கள்.

விசில் அண்ணன்

வழி இருக்கிறது, ஆனால் இந்தத் தப்புக்கு இல்லை.

விதி 5 தெளிவாகச் சொல்கிறது. ஆட்டத்தின் நிகழ்வுகள் பற்றி, கோலா இல்லையா என்பது உட்பட, நடுவர் எடுக்கும் முடிவே இறுதி. அதாவது பார்வையில் வந்த பிழைக்கு மறு ஆட்டம் கிடையாது. மறு ஆட்டம் கிடைத்த இடங்களைப் பார்த்தால் அவை வேறு வகை.

2005 செப்டம்பர் 3, தாஷ்கண்ட். 2006 உலகக் கோப்பைக்கான ஆசியப் பிளே ஆஃப், உஸ்பெகிஸ்தான்-பஹ்ரைன். உஸ்பெக் 1-0 முன்னிலை. அவர்களுக்கே ஒரு பெனால்டி. அடித்தார்கள், கோல். ஆனால் அடிக்கும் முன் உஸ்பெக் வீரர் ஒருவர் பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டார். அப்படி நடந்து கோலும் ஆகிவிட்டால் திரும்ப அடிக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஜப்பானிய நடுவர் யோஷிதா பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். இங்கே கண் தப்பவில்லை, விதியே தப்பு. உஸ்பெக் 1-0 என்று ஜெயித்தும் புகார் கொடுத்தது, தங்களுக்கு 3-0 தர வேண்டும் என்று கேட்டது. ஃபிஃபா முழு ஆட்டத்தையும் ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் 0-0. வெளியூர் கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. ஜெயித்து வைத்திருந்த ஆட்டத்தைப் புகார் கொடுத்து இழந்தார்கள்.

இரண்டாவது வகை, நடுவரே ஆட்டத்தின் முடிவை வளைத்தது நிரூபணமானால். 2016 நவம்பரில் தென்னாப்பிரிக்கா-செனகல். கூலிபாலியின் முழங்காலில் பட்ட பந்துக்குக் கையில் பட்டதென்று பெனால்டி கொடுத்தார் கானா நடுவர் லாம்ப்டே. ஃபிஃபா அவருக்கு வாழ்நாள் தடை போட்டு, ஒரு வருடம் கழித்து ஆட்டத்தை மறுபடி நடத்தியது. செனகல் 2-0 என்று ஜெயித்து 2018 உலகக் கோப்பைக்குப் போனது.

மூன்றாவது வகைதான் நம்முடையது. 2009 நவம்பர் 18, பாரிஸ், பிரான்ஸ்-அயர்லாந்து. பிரான்ஸின் தியரி ஆன்றி கையால் இரண்டு முறை பந்தைத் தட்டி நிறுத்திக் கொடுக்க, கல்லாஸ் கோல். அயர்லாந்து மறு ஆட்டம் கேட்டது, அந்த நாட்டுப் பிரதமரே கேட்டார். கிடைக்கவில்லை. சட்டத்துக்குப் போகாமலிருக்க ஃபிஃபா அவர்களுக்கு 50 லட்சம் யூரோ கொடுத்த விஷயம் 2015இல் வெளியே வந்தது. ஐரோப்பிய நாடு, உலகமே பார்த்த ஆட்டம், ஆன்றியே கையில் பட்டதை ஒப்புக்கொண்டார். அவர்களுக்கே கிடைக்காதது நமக்குக் கிடைக்காது. நம் சம்மேளனத்தைத் திட்ட ஆயிரம் காரணம் இருக்கிறது, இது அதில் ஒன்றில்லை.

மஞ்சள் கொடி

நடுவர் முடிவே இறுதி என்பதால் என்ன நடக்கும் என்று கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களைக் கேளுங்கள். நான் கூடலூர்க்காரன், கொச்சிக்குப் போய் ஆட்டம் பார்க்கிறவன். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பிளே ஆஃப். 90 நிமிடம் 0-0. கூடுதல் நேரத்தில் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக். எங்கள் கீப்பர் கில் சுவரை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே, விசில் இல்லாமல் சேத்ரி அடித்து கோலாக்கினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். எங்கள் பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியை வெளியே கூட்டிப் போனார். அப்புறம் என்ன? பெங்களூருவுக்கு வெற்றி, எங்கள் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். ஆட்டத்தை மறுபடி நடத்தக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள்.

தோஹாவில் நம் தேசிய அணி அப்படி வெளியே போகவில்லை. போயிருந்தால் இதைவிடப் பெரிய தண்டனை வந்திருக்கும். அதனால் தப்பான முடிவை விழுங்கிக்கொண்டு ஆடு என்பதுதான் ஒரே வழி என்றாகிறது. அது எனக்குச் சம்மதமில்லை.

பெங்களூர் நீலம்

அண்ணா, இரண்டையும் ஒரே கட்டில் கட்டாதீர்கள். தோஹாவில் பந்து வெளியே போனது, அது நடந்த உண்மை. கண்டீரவாவில் விதி மீறப்பட்டதா என்பதே விவாதம்.

ஃப்ரீ கிக் எடுக்க விசில் கட்டாயம் என்று விதியில் இல்லை. தவறு செய்த அணிக்குச் சுவர் கட்டிக்கொள்ள நேரம் தர வேண்டும் என்றும் இல்லை. 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய கடமை. விசிலும் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்ததாக சேத்ரியே பிறகு சொன்னார். அவர் முதலில் அடிக்கப் போனபோது பிளாஸ்டர்ஸ் வீரர் லூனா குறுக்கே வந்து தடுத்தார். என்ன நடக்கப்போகிறது என்று லூனாவுக்குத் தெரிந்திருக்கிறது, கில்லுக்குத் தெரியவில்லை.

மஞ்சள் கொடி

லூனா குறுக்கே வந்தாரா? அப்படியென்றால் நடுவர் அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி, அவருக்கு மஞ்சள் அட்டை கொடுத்து, எல்லாரையும் தள்ளி நிற்க வைத்து, விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டாமா? நாக்அவுட் ஆட்டம், கூடுதல் நேரம், பாக்ஸுக்கு வெளியே பந்து. அதில் ஒரு அணிக்கு மட்டும் தெரிந்த ஒப்பந்தம் எப்படி நியாயமாகும்?

விசில் அண்ணன்

இரண்டு பேர் சொல்வதிலும் சரி இருக்கிறது. சீக்கிரமாக எடுக்க விடுவது தவறுக்கு ஆளான அணியின் உரிமை. ஆனால் நடுவர் சுவரைச் சரிசெய்ய இறங்கிவிட்டார் என்றால், அட்டை காட்டினார் என்றால், விசில் இல்லாமல் தொடங்கக் கூடாது. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் என் விசிலைக் கையில் தூக்கி எல்லாருக்கும் தெரியும்படி காட்டியிருப்பேன். விதிக்குள் இருக்கும் ஒரு முடிவு ஆட்டத்தையே உடைக்கலாம், அன்று உடைத்தது.

வுகோமனோவிச் அணியை வெளியே கூட்டிப் போனது மட்டும் எந்தக் கணக்கிலும் சரியில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் மிச்சமிருந்தபோது, 11 பேரும் திடமாக இருந்தபோது, ஒரு கோலைத் திருப்பிப் போட முடியாதென்று அவர் தன் வீரர்களிடமே சொல்லிவிட்டார்.

பெங்களூர் நீலம்

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கமும் காயம் உண்டு. அதே மார்ச் 18இல் கோவாவின் ஃபட்டோர்டாவில் மோகன் பகானுடன் இறுதிப் போட்டி. 2-2, பெனால்டி ஷூட்அவுட்டில் 4-3 என்று தோற்றோம். ஆட்டத்தில் கொடுத்த பெனால்டிகளைப் பற்றி எவ்வளவு சண்டை! விஏஆர் வேண்டும் என்று எங்கள் கிளப் உரிமையாளர் பார்த் ஜிண்டால் அன்றே பகிரங்கமாக எழுதினார். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேரளம் கேட்டதும் அதுதானே. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் கேட்க வேண்டியது அதுதான் என்று நான் அன்றிலிருந்து சொல்கிறேன்.

குமரி லெஃப்ட்பேக்

நடுவர், விதி, விஏஆர் எல்லாம் பேசுகிறோம். அந்தப் பந்தை வெளியிலிருந்து இழுத்த வீரருக்குத் தெரியாதா? அய்மனுக்குத் தெரியாதா?

2012இல் நேப்பிள்ஸில் லாட்சியோவுக்காக ஆடிய குளோசே, தான் போட்ட கோல் கையில் பட்டது என்று நடுவரிடம் போய்ச் சொல்லி ரத்து செய்ய வைத்தார். ஆட்டம் முடிந்தபோது அவருடைய அணி 3-0 என்று தோற்றிருந்தது. 2019இல் லீட்ஸ்-ஆஸ்டன் வில்லா. காயம்பட்ட வில்லா வீரர் கீழே கிடக்க லீட்ஸ் கோல் போட்டுவிட்டது. பந்தை விட்டுவிடுங்கள், அவர்கள் ஒரு கோல் போடட்டும் என்று லீட்ஸ் பயிற்சியாளர் பியெல்சா தன் வீரர்களைப் பார்த்துக் கத்தினார். போட்டார்கள், 1-1. இத்தனைக்கும் லீட்ஸ் அப்போது பிரீமியர் லீக்குக்கு ஏறப் போராடிக்கொண்டிருந்த அணி.

கத்தாருக்கு அன்று அந்த ஆட்டத்தில் எதுவும் தேவைப்படவில்லை. ஏற்கெனவே முன்னேறியவர்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாத இடத்தில்கூட ஒருவர் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு நடுவரின் தப்பைவிட அதிகமாக வலிக்கிறது.

வியாசர்பாடி ஏழு

இதில் மட்டும் உங்களோடு முழுதாகச் சேர்கிறேன், குமரி அண்ணா. தெருவில் ஆடும்போதுகூட பந்து வெளியே போனால் போனது என்று எதிர் அணிப் பையனே சொல்லுவான்.

நெய்தல் ஸ்டாப்பர்

விஏஆர் ஏன் இல்லை என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. ஆசியத் தகுதிச்சுற்றின் இரண்டாம் கட்டத்தில் 36 அணிகள், 9 குரூப்புகள், மொத்தம் 108 ஆட்டங்கள். மூன்றாம் கட்டத்தில் 18 அணிகள், 90 ஆட்டங்கள். மூன்றாம் கட்டத்தில் விஏஆர் உண்டு, இரண்டாம் கட்டத்தில் இல்லை. மைதானம்தோறும் கேமரா, அறை, தகுதி பெற்ற நடுவர்கள் என்று எல்லாம் வேண்டும், எல்லா நாடுகளாலும் முடியாது என்பது அவர்கள் தரப்பு. ஆனால் தோஹா 2022 உலகக் கோப்பையையும், 2024 தொடக்கத்தில் ஆசியக் கோப்பையையும் விஏஆரோடு நடத்திய ஊர். வசதி இல்லாத மைதானங்களுக்காக வசதி உள்ள ஊரிலும் வேண்டாம் என்பது சமத்துவம் போலத் தெரியலாம். ஆனால் கடைசி நாளில், முன்னேற்றத்தை முடிவு செய்யும் ஆட்டங்களுக்காவது வைத்திருக்கலாம்.

கோல் லைன் டெக்னாலஜி இருந்திருந்தால் போதுமே என்று சிலர் எழுதுகிறார்கள். போதாது. அது இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் சொல்லும். கம்பத்துக்கு வெளியே போன பந்தைப் பற்றி அதோடு இணைந்த நடுவரின் கைக்கடிகாரம் எதுவும் சொல்லாது.

கோலுக்குப் பின்னால் இன்னொரு உதவி நடுவரை நிறுத்தலாம் என்பதும் பழைய யோசனை. யூரோ 2012இல் நிறுத்தினார்கள். டொனெட்ஸ்கில் உக்ரைனின் தேவிச் அடித்த பந்து இங்கிலாந்தின் கோட்டைத் தாண்டியது, ஜான் டெர்ரி வெளியே உதைத்தார். சில மீட்டர் தள்ளி அதைப் பார்ப்பதற்கென்றே நின்றவர் பார்க்கவில்லை. அதற்கடுத்த மாதமே கோல் லைன் டெக்னாலஜிக்கு அனுமதி வந்தது.

கோவை கீப்பர்

விஏஆரும் தெய்வம் இல்லை. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்-லிவர்பூல். லூயிஸ் தியாஸ் போட்டது நல்ல கோல், மைதானத்தில் ஆஃப்சைடு கொடுத்துவிட்டார்கள். விஏஆர் அறையில் இருந்தவர் கோடு போட்டுச் சரியாகவே பார்த்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கிவிட்டது. தப்பு என்று அறையில் இருந்தவர்களே சில நொடிகளில் கண்டுபிடித்தும் திரும்பப் போக விதி இடம் தரவில்லை. லிவர்பூல் 9 பேரோடு கடைசி நிமிடத்தில் 2-1 என்று தோற்றது.

மெரினா விங்கர்

அதையும் ஏற்கிறேன். ஆனால் அந்த உரையாடலின் ஒலிப்பதிவை இங்கிலாந்து நடுவர் அமைப்பு மூன்று நாளில் வெளியிட்டது, மனிதத் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னது. நமக்கு யார் விளக்கம் சொன்னார்கள்? கிம்மும் உதவி நடுவரும் அந்த நிமிடத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. பிழை நடக்கும், விசில் அண்ணா சொன்னபடி அது எப்படி நடக்கும் என்பதும் புரிகிறது. 140 கோடி பேர் உள்ள நாட்டின் உலகக் கோப்பை வாய்ப்பை முடித்துவைத்த முடிவுக்கு ஒரு பக்க விளக்கம்கூட வராதது எனக்குப் புரியவில்லை.

பெங்களூர் நீலம்

ஒன்று கேட்க மறந்துவிட்டோம். அன்று சரியாக விசில் ஊதியிருந்தால் ஆட்டம் எப்படித் தொடர்ந்திருக்கும்? கோல் கிக்கா?

விசில் அண்ணன்

இல்லை. கடைசியாகப் பந்தைத் தொட்டது குர்ப்ரீத். கத்தாருக்கு கார்னர்.

குமரி லெஃப்ட்பேக்

அப்படியென்றால் அந்தக் கார்னரிலேயே கோல் விழுந்திருக்கலாம். நம் தடுப்பாளர் ஜிங்கன் காயத்தால் இல்லை, உயரமான ஆட்கள் அவர்களிடம் இருந்தார்கள். குவைத்தும் 81வது நிமிடத்தில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டது, 1-1 நமக்குப் போதாது. மிச்சம் 17 நிமிடமும் அந்த ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றியிருப்போமா என்பது சந்தேகம்தான்.

மெரினா விங்கர்

சந்தேகமாகவே இருக்கட்டும் அண்ணா. கார்னரில் அவர்கள் முட்டிக் கோல் போட்டிருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன். 1-0, கத்தாருக்கு கார்னர், மிச்சம் 17 நிமிடம். நான் கேட்பது அவ்வளவுதான். அதை ஆடிப் பார்க்க நமக்கு விடவில்லை.